தனியாக இருக்கும்போது புது மாத்திரையை எப்படித் தொடங்குவது?

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து 11 நாள் ஆகிறது, அட்டையிலிருந்து ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, தினமும் ராத்திரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "எனக்கு ஏதாவது ஆனால் காலையில்கூட யாருக்கும் தெரியாது" என்று ஒரு வரி. உங்கள் கேள்வியின் பாரம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நான் மருந்தாளுநர். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் 20 வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். போன மாதம் வாங்கிய மாத்திரையைத் தொடாமலே அடுத்த மாதச் சீட்டோடு வருபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கேட்டால் "மறந்துட்டேன்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அவர்களில் பலர் பயந்தவர்கள் என்று தெரியும். அதனால் வெட்கப்படுவதை முதலில் விட்டுவிடுங்கள்.

உங்களிடம் இரண்டு பயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மாத்திரை என்ன செய்யும் என்பது ஒன்று. செய்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு மருந்தைப் பற்றிய பதில் வேண்டும். இரண்டாவதற்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. அது வீட்டுச் சாவி, போன், நம்பிக்கையான ஒரு ஆள் சம்பந்தப்பட்ட விஷயம். தனியாக இருப்பவர்கள் இரண்டாவது பயத்தைப் போக்க முதலாவதைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளை எத்தனை முறை படித்தாலும் வீட்டில் இன்னொரு ஆள் வந்து நிற்கப் போவதில்லை. பயம்தான் கூடும்.

மருந்தை முதலில் பார்ப்போம். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: எந்த மருந்தின் கெடுதலுக்கும் ஒரு நேரம் உண்டு. "எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம்" என்று நினைத்தால் 24 மணி நேரமும் காவல் இருக்க வேண்டும், அது யாராலும் முடியாது. எது, எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

உடனடி அலர்ஜிதான் எல்லாரும் பயப்படுவது. வாய்வழியாகச் சாப்பிடும் மருந்தில் அது வருவதாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அம்லோடிபினில் அது மிக அரிது. அடுத்தது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கிறுகிறுப்பது. அம்லோடிபின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. விழுங்கி 6 முதல் 12 மணி நேரத்தில்தான் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். உடம்பில் அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 முதல் 50 மணி நேரம். அதனால் ஒரே அளவில் நிலைகொள்ளவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதல் மாத்திரை விழுங்கிய அன்றே அழுத்தம் தடாலென்று இறங்குவது இந்த மருந்தின் சுபாவம் இல்லை. தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, லேசான படபடப்பு எல்லாம் முதல் சில நாட்களில் வரலாம், பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். கணுக்கால் வீக்கம் வந்தால் நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வரும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். விழுங்கிய ஐந்தாவது நிமிடம் நெஞ்சு படபடவென்று அடித்தால், அதை அடிக்க வைப்பது அம்லோடிபின் இல்லை. மாத்திரை அப்போதுதான் வயிற்றில் கரையத் தொடங்கியிருக்கும். அது உங்கள் பயத்தின் துடிப்பு.

இப்போது அந்தத் தாள். ஐரோப்பிய மருந்துத் தாள்களில் "பொதுவானது", "அரிது" என்ற சொற்களுக்குக் கணக்கு உண்டு. மிகப் பொதுவானது என்றால் 10 பேரில் ஒருவர் அல்லது அதற்கும் மேல். பொதுவானது என்றால் 100ல் ஒருவர் முதல் 10ல் ஒருவர் வரை. அரிது என்பது 1,000ல் ஒருவருக்கும் கீழே, மிக அரிது என்பது 10,000ல் ஒருவருக்கும் கீழே. சிக்கல் என்னவென்றால், 10ல் ஒருவருக்கு வருவதும் 10,000ல் ஒருவருக்கு வருவதும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கும். ராத்திரி 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்து படிப்பவர் கண்ணில் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரியும்.

அம்லோடிபினுக்கு அமெரிக்க மருந்துக் குறிப்பில் உள்ள எண்களைச் சொல்கிறேன். வீக்கம் 5 மில்லிகிராமில் 3 சதவீதம் பேருக்கு, 10 மில்லிகிராமில் 10.8 சதவீதம் பேருக்கு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 0.6 சதவீதம் பேருக்கு. படபடப்பு 5 மில்லிகிராமில் 1.4 சதவீதம், வெற்று மாத்திரையில் 0.6 சதவீதம். உங்களுக்கு எழுதியிருப்பது 5. ஆக, 100 பேரில் 97 பேருக்குக் கால் வீங்கவில்லை.

வெற்று மாத்திரையிலும் படபடப்பா என்று கேட்பீர்கள். ஆமாம். இதற்கு நோசிபோ என்று பெயர். கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே அறிகுறியைக் கொண்டுவருவது. 2020ல் வெளியான சாம்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 60 பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைப் பக்க விளைவு தாங்காமல் விட்டவர்கள். ஆளுக்கு 12 பாட்டில், மாதம் ஒன்று: நான்கில் ஸ்டாடின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி பாட்டில். தினமும் அறிகுறி எவ்வளவு என்று 100க்கு மதிப்பெண் போட வேண்டும். காலி பாட்டில் மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4.

அந்த 60 பேரும் பொய் சொல்லவில்லை. வலி வலிதான். ஆனால் வலியின் பெரும்பங்கு மாத்திரைக்குள் இருந்த மருந்திலிருந்து வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நினைப்பிலிருந்து வந்தது. அதோடு, எதையும் சாப்பிடாத மாதத்திலும் மதிப்பெண் பூஜ்யம் இல்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பு சும்மா இருக்கும்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் இன்றும் நாளையும் மாத்திரை சாப்பிடாமலே ஒரு காரியம் செய்யுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைவலி, படபடப்பு, வயிறு, தூக்கம், கால். அப்புறம், முகம், உதடு, நாக்கு, கணுக்கால் எல்லாவற்றையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சிரிக்க வேண்டாம், இது சொந்த அனுபவம். சில வருஷங்களுக்கு முன் நானும் தனியாக இருந்த சமயத்தில் ஒரு புது மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன ஆள், விழுங்கிய அரை மணி நேரத்தில் டார்ச் அடித்துக் கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடிமனாகத் தெரிந்தது. ஆனால் என் நாக்கு சாதாரண நாளில் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியாதே! அதற்கு முன் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. ஒப்பிட ஒரு போட்டோ இருந்திருந்தால் அன்று ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இந்த இரண்டு நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மருத்துவருக்கோ உங்களுக்கு மருந்து கொடுத்த மருந்தாளுநருக்கோ போன் செய்து, இன்னும் தொடங்கவில்லை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இதை மறைப்பதில் நிஜமான ஆபத்து உண்டு. அடுத்த முறை போகும்போது அழுத்தம் குறையாததைப் பார்த்து, 5 போதவில்லை போலிருக்கிறது என்று அவர் 10 எழுதிவிடுவார். வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடையில் நீங்களே வாங்கும் வலி மாத்திரை, மூலிகைப் பொடி எதையும் விடாதீர்கள். உதாரணத்துக்கு, சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர் அம்லோடிபினும் சேர்த்தால் சிம்வாஸ்டாடின் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வலி மாத்திரைகள் சில ரத்த அழுத்தத்தையே ஏற்றும். கர்ப்பம், கல்லீரல் கோளாறு, இதய வால்வில் அடைப்பு, முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு வீங்கிய அனுபவம் இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அலர்ஜி என்று சொல்லும்போது என்ன ஆனது, எத்தனை நிமிடத்தில் ஆனது என்றும் சொல்லுங்கள். வயிறு புரட்டியதையும் அலர்ஜிக் கணக்கில் எழுதிக்கொண்டு காலம் முழுக்க நல்ல மருந்துகளைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பென்சிலின் அலர்ஜி என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் 10ல் 9 பேருக்கு மேல் அந்த அலர்ஜி இருப்பதில்லை.

பயமாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2.5 மில்லிகிராமில் தொடங்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். சில சமயம் சரி என்பார், சில சமயம் தேவையில்லை என்பார். கேட்காமல் நீங்களாக உடைத்துச் சாப்பிடாதீர்கள். இந்த மாத்திரையில் பெரிய கெடுதல் இல்லாவிட்டாலும், மெதுவாகக் கரையும்படி செய்த வேறு மாத்திரைகளை உடைத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அந்தப் பழக்கமே வேண்டாம்.

சரி, எப்போது விழுங்குவது? நீங்கள் ராத்திரியில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இருப்பதிலேயே மோசமான நேரம் அதுதான். தூக்கம் வரும் நேரம், எல்லாரும் போனை வைத்துவிட்ட நேரம். அழுத்த மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கவலைப்படாதீர்கள். 2022ல் வெளிவந்த டைம் ஆய்வில் 21,104 பேரை 5 வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை காலை 9 மணிக்குப் போடுங்கள். திங்களோ செவ்வாயோ நல்லது. வெள்ளிக்கிழமை தொடங்கினால் சந்தேகம் வரும்போது மருத்துவமனை ஜன்னல் மூடியிருக்கும்.

எல்லா மருந்துக்கும் காலை பொருந்தாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பிரசோசின் போன்ற மாத்திரைகளில் முதல் டோஸுக்கே எழுந்து நின்றால் மயக்கம் வரலாம் என்பதால் படுக்கைக்குப் போகும்போதுதான் போடச் சொல்வோம். எலும்புக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டைக் காலையில் வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். "இதை எப்போது போட வேண்டும், இதன் கெட்ட நேரம் எது?" என்ற ஒரு கேள்வியை மருந்து வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடலாம். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இனி இரண்டாவது பயம். உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், ஒரே ஒரு ஆள். அவர் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதில்லை. முந்தின நாளே அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நாளை 9 மணிக்கு ஒரு புது மாத்திரை போடுகிறேன். 10 மணிக்கும் 11 மணிக்கும் மெசேஜ் போடுவேன். வரவில்லை என்றால் கூப்பிடு. எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது, திறக்கச் சொல்." பொத்தாம் பொதுவாக "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மணி சொன்னால் செய்வார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பாசத்தைவிட நிதானம் முக்கியம். "அந்த மாத்திரையா? என் சித்தப்பாவுக்கு அதனாலதான்..." என்று ஆரம்பிக்கும் உறவினரை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

அப்படி யாருமே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. மருத்துவமனையிலேயே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் உட்காரலாமா என்று கேளுங்கள். மறுத்தால், மனிதர்கள் நடமாடும் ஒரு நூலகத்திலோ அலுவலகத்திலோ இருக்கும்போது போடலாம். முதல் இரண்டு மணி நேரத்தைத் தனியாகக் கழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வீட்டில் போடுவதாக இருந்தால் அன்று காலை உள்தாழ்ப்பாளைப் போடாதீர்கள், சாவியால் மட்டும் பூட்டுங்கள். வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுதான் தனியாக இருப்பவர்களின் பெரிய எதிரி. மாத்திரை விஷயத்தில் மட்டுமல்ல, குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் இதே கதைதான். போனில் சார்ஜ் இருக்கட்டும். பூட்டிய திரையிலிருந்தே பார்க்கக்கூடிய அவசர மருத்துவக் குறிப்பு உங்கள் போனில் இருக்கும். அதில் பெயர், மருந்துகள், அலர்ஜி, கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் நிரப்புங்கள். அதையே ஒரு காகிதத்திலும் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பதற்றத்தில் மனப்பாடமான எண்கூட மறக்கும்.

விழுங்கிய பிறகு உட்கார்ந்து உடம்பைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கையும் கண்ணும் வேலை செய்யும் எதையாவது எடுங்கள்: துணி மடிப்பது, கணக்கு எழுதுவது. அழுத்தம் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அன்றைக்கு அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பயத்தில் எண் ஏறும், ஏறிய எண்ணைப் பார்த்து இன்னும் ஏறும். பிறகு வரும் நாட்களில் குறிப்பிட்ட நேரத்தில், 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதினால் போதும்.

நிஜமான ஆபத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்குவது, மூச்சு இழுக்க முடியாமல் வீசிங் வருவது, உடம்பெங்கும் அரிப்போடு தடிப்பு எழும்பி, கூடவே வாந்தியோ மயக்கமோ வருவது, நெஞ்சு வலி, நினைவு தப்புவது. இவற்றில் ஒன்று வந்தாலும் கூகுளில் தேட வேண்டாம், அலர்ஜி மாத்திரை போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், பிறகு உங்கள் ஆளைக் கூப்பிடுங்கள். கிறுகிறுப்பாக இருந்தால் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் உட்கார்ந்திருங்கள். எழுந்து நடக்காதீர்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகவே போகாதீர்கள்.

பயத்தால் வருவதும் இதைப் போலவே நடிக்கும். நெஞ்சு இறுகும், மூச்சு போதாதது போலிருக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்தும். வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வரும் குத்தல் அது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். கண்ணாடியில் பார்த்தால் வீக்கமோ தடிப்போ இருக்காது. இங்கேதான் அந்தப் போட்டோ உதவும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். அப்படியும் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் நிஜம் என்றே வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

சில மருந்துகளின் கெட்ட நேரம் முதல் நாளே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வலிப்புக்கான கார்பமசெபின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபுரினால் போன்றவற்றில் அரிதாக வரும் கடுமையான தோல் பாதிப்பு முதல் சில வாரங்களில் தலைகாட்டும். காய்ச்சலோடு கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் செர்ட்ராலின் வகை மருந்துகள் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலையும் படபடப்பையும் கூட்டிவிட்டு, பிறகுதான் மெல்ல நல்லது செய்யும். தனியாக இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரம்தான் கடினமானது. அதிலும் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை அந்த மருந்துகளில் உண்டு. வயது எதுவானாலும் அப்படி ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் யாரையாவது கூப்பிட வேண்டும். அந்த மருந்து தொடங்குபவர்கள் மெசேஜ் ஏற்பாட்டை ஒரு நாளோடு விடாமல் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் 10 மணிக்கும் 11 மணிக்கும் மெசேஜ், அப்புறம் தினமும் ஒன்று, இரண்டாவது வாரம் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள். தாங்க முடியாத தொந்தரவு இருந்தால் நீங்களாக நிறுத்திவிட்டு மௌனமாக இருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தத்துக்கு மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன. சாயங்காலம் சாக்ஸ் கழற்றும்போது கணுக்காலில் பதியும் தடம் வழக்கத்தைவிட ஆழமாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஆழமாகத் தெரிந்தால் அது அவசரம் இல்லை, ஆனால் அடுத்த சந்திப்பில் பேச வேண்டிய விஷயம். அழுத்தம் எழுதிய நோட்டையும் தொடங்கும் முன் எடுத்த போட்டோக்களையும் அன்று கையோடு கொண்டு போங்கள்.